பழைய பாக்கி வந்த பிறகே புதிய கால்ஷீட்

கேள்வி: வணக்கம் அக்கா. மலேசியாவில், சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். இப்போது டவுனை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கிறேன். வயது 34. ஒன்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சி நாடகங்களில் நடித்து வருகிறேன். நாளுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) என்று பேசி ஒரு டெலிமூவியில் (தொலைக்காட்சிப் படத்தில்) 12 நாள் நடித்தேன். படப்பிடிப்பு முடிந்து எட்டு மாதம் ஆகிறது, படமும் ஒளிபரப்பாகிவிட்டது. 2,400 வெள்ளி இன்னும் வரவில்லை. கேட்டால், "நிலையத்திலிருந்து பணம் வரவில்லை தம்பி" என்கிறார் தயாரிப்பாளர். இப்போது அவரே ஒரு தொடரில் 20 நாள் வேலைக்கு அழைக்கிறார். புதுமுகங்கள் 100 வெள்ளிக்கே வருகிறார்கள் என்று சொல்லி, எனக்கு நாளுக்கு 180 தருவதாகச் சொல்கிறார். மனைவி தையல் வேலை செய்து வீட்டைத் தாங்குகிறார். இரண்டு பிள்ளைகள். "பேசாமல் ஆலை வேலைக்குப் போ" என்கிறார் அப்பா. இந்தத் தொடரை ஏற்கலாமா? நடிப்பை விட்டுவிடுவதா? கோலாலம்பூருக்கே குடிபோனால் நிலைமை மாறுமா? பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2,400 வெள்ளி உங்கள் வங்கிக் கணக்கில் ஏறும்வரை அந்தத் தொடருக்குத் தேதி கொடுக்காதீர்கள். "பாதி தருகிறேன், வந்து நடி" என்றாலும் போகாதீர்கள். பழைய கடன் நிலுவையில் இருக்கும்போதே புதிய வேலைக்குப் போனால், அந்தக் கடனைப் பெரிதாக நினைக்கவில்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாகிவிடும். 2,400 மெல்ல 6,000 ஆகும். அப்புறம் அந்த 6,000 கைக்கு வர வேண்டுமே என்பதற்காகவே மூன்றாவது படத்திலும் நடிப்பீர்கள். தமிழ் நாடகங்களுக்குப் பல ஆண்டுகள் தயாரிப்பு நிர்வாகியாக இருந்து, இப்போது கணக்கு அலுவலகம் நடத்துகிறவள் நான். இந்தச் சுழலில் சிக்கிய திறமைசாலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த செலவுக் கணக்கைப் பலமுறை படித்தேன். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், பென்சிலால், அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறீர்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து, கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போய்வரப் பெட்ரோலும் டோலும் 130 வெள்ளி. மூன்று மூன்று நாளாக நான்கு பயணம், ஆக 520. "சொந்த உடை கொண்டுவரவும்" என்று சொன்னதால் ஈப்போவில் வாங்கிய நான்கு சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு ஜோடிக் காலணி, எல்லாம் சேர்த்து 300. டப்பிங்குக்கு இன்னொரு பயணம், மறுபடியும் 130. அந்த டப்பிங் நாளுக்குச் சம்பளமே பேசவில்லை. 2,400-இல் இவற்றைக் கழித்தால் மிச்சம் 1,450.

நீங்கள் விட்டுவிட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன். காலை ஆறு மணிக்குத் தளத்தில் நிற்க வேண்டுமென்றால் முந்தைய நாளே புறப்பட்டாக வேண்டும். அப்படி நான்கு நாள் போனது. 12 நாள் படப்பிடிப்பு, ஒரு நாள் டப்பிங், நான்கு நாள் பயணம், மொத்தம் 17 நாள். 1,450-ஐ 17-ஆல் வகுத்தால் நாளுக்கு 85 வெள்ளி. 200 என்று பேசிய சம்பளம் இதுதான். அதுவும் இன்னும் கைக்கு வரவில்லை.

இப்போது அப்பா சொல்லும் ஆலை. 2025 முதல் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளிச் சொச்சம், அது எட்டு மணி நேர வேலைக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு. படப்பிடிப்பில் நீங்கள் நிற்கும் 12 மணி நேரத்தை ஆலையில் நின்றால் ஏறத்தாழ 114 வெள்ளி. அதோடு முதலாளி தம் பங்காக 13 விழுக்காட்டை ஊழியர் சேமநிதியில் போட வேண்டும், சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்ட வேண்டும், மருத்துவ விடுப்பு தர வேண்டும். அப்பா கோபத்தில் பேசவில்லை தம்பி. பால்மரம் வெட்டிய மனிதர் கணக்குப் பார்த்துத்தான் பேசுகிறார். அவர் காலத்தில், வெட்டிய பாலை ஸ்டோரில் அவர் கண் முன்னால் எடை போட்டு, கிராணி (தோட்டத்து எழுத்தர்) புத்தகத்தில் எழுதிய பிறகே வீட்டுக்குப் போவார். எவ்வளவு குறைவான கூலியாக இருந்தாலும், இன்றைக்கு என்ன சேர்ந்தது என்பது அன்றைக்கே தெரிந்தது. உங்கள் உழைப்பை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

பணம் ஏன் நின்றுபோகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவளாகச் சொல்கிறேன். நிலையம் தயாரிப்பாளருக்குப் பெரும்பாலும் தவணையாகத்தான் பணம் தரும். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு பங்கு, படப்பிடிப்பு முடிந்ததும் ஒரு பங்கு, முழுப்படத்தை ஒப்படைத்து அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு மீதி. முதல் தவணை வந்ததும் கேமரா வாடகைக்காரர் வாங்கிக்கொள்வார், இல்லையென்றால் கேமரா வராது. சாப்பாட்டுக்காரருக்கும் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் மறுநாள் நாசி லெமாக்கூட வராது. வீட்டு வாடகை, வேன், விளக்கு என்று ஒவ்வொருவரும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பணத்தைக் கேட்கிறார்கள். நடிகரின் பொருளோ அவருடைய முகம். அது பதிவாகிவிட்ட பிறகு அவர் கையில் பிடிமானம் எதுவும் இல்லை. ஆகையால் அவர் வரிசையின் கடைசிக்குப் போகிறார். கடைசித் தவணை வரும்போது தயாரிப்பாளருக்கு வேறு கடன் முளைத்திருக்கும். இதில் எல்லாத் தயாரிப்பாளர்களும் கெட்டவர்கள் அல்லர். பலர் தங்கள் வீட்டை அடகு வைத்துப் படம் எடுக்கிறார்கள். ஆனாலும் அவர் எடுத்த தொழில் துணிச்சலுக்கு உங்கள் பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஈடாக முடியாது. நிலையம் அவருக்குப் பணம் தருவது அவருக்கும் நிலையத்துக்கும் உள்ள கணக்கு. உங்கள் ஒப்பந்தம் அவரோடு.

"ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். மலேசிய ஒப்பந்தச் சட்டம் 1950, வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாகவே ஏற்கிறது. நிரூபிப்பதுதான் சிரமம். உங்களிடம் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். 200 வெள்ளி என்று பேசிய வாட்ஸ்அப் செய்தி, ஒவ்வொரு நாளும் வந்த படப்பிடிப்பு அட்டவணை, தளத்தில் எடுத்த படங்கள், ஒளிபரப்பில் வந்த உங்கள் பெயர், "பணம் வரவில்லை தம்பி" என்று அவர் அனுப்பிய செய்தி. அந்தக் கடைசிச் செய்திதான் உங்களுக்குத் தங்கம். கடன் இருப்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, அச்சிட்டு, ஒரு கோப்பில் வையுங்கள். பழைய கைத்தொலைபேசியை விற்றுவிடாதீர்கள்.

பிறகு, உங்களை வேலைக்கு அழைத்தது தனிமனிதரா, நிறுவனமா என்று தெரிந்துகொள்ளுங்கள். நிறுவனம் என்றால் மலேசிய நிறுவன ஆணையத்தின் இணையச் சேவையில் சிறு கட்டணம் செலுத்தி அதன் பதிவு முகவரியையும் இயக்குநர்கள் பெயரையும் எடுக்கலாம். கோரிக்கைக் கடிதம் அந்த முகவரிக்குப் போக வேண்டும், பதிவுத் தபாலில். வாட்ஸ்அப்பிலும் அதே நாளில் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம் அண்ணன். தங்கள் டெலிமூவியில், தேதி குறிப்பிட்ட இந்த 12 நாள்களும் நடித்தேன். பேசிய சம்பளம் நாளுக்கு 200 வெள்ளி, மொத்தம் 2,400 வெள்ளி. இதுவரை எந்தத் தொகையும் பெறவில்லை. இக்கடிதத் தேதியிலிருந்து 14 நாளுக்குள் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறினால் சிறு உரிமைக் கோரல் வழக்குப் பதிவு செய்வேன். புதிய தொடர் பற்றி இந்தக் கணக்கு முடிந்த பிறகு பேசுவோம்."

இதற்கு மேல் ஒரு வரியும் சேர்க்காதீர்கள். குடும்பக் கஷ்டத்தை எழுதினால், இரக்கப்பட்டால் கொடுக்கலாம் என்ற இடத்துக்கு அது போய்விடும். நீங்கள் கேட்பது கூலி.

14 நாள் கடந்தும் வரவில்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு உரிமைக் கோரல். 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கான வழி இது, 2012 நீதிமன்ற விதிகளில் 93-ஆம் கட்டளையின் கீழ் வருகிறது. படிவம் 198-ஐ நிரப்பி நீங்களே பதிவு செய்யலாம். வழக்குரைஞர் இல்லாமல்தான் இரு தரப்பும் வர வேண்டும் என்பதால் அவர் பெரிய வழக்குரைஞரைக் கொண்டுவந்து உங்களை மிரட்ட முடியாது. எந்த ஊர் நீதிமன்றத்தில் பதிவது என்பதை முன்கூட்டியே பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனம் இருக்கும் இடமும் வேலை நடந்த இடமும் அதைத் தீர்மானிக்கும். ஒப்பந்தக் கடனைக் கோர ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனாலும் காத்திருக்காதீர்கள். நிறுவனங்கள் மூடப்படும், ஆள்கள் எண்ணை மாற்றுவார்கள்.

2025-இல் நாடாளுமன்றம் கிக் தொழிலாளர் சட்டத்தை, அதாவது நிரந்தர வேலையில்லாமல் வேலைக்கு வேலை பேசி உழைப்பவர்களுக்கான சட்டத்தை, நிறைவேற்றியது. உணவு விநியோகிப்பவர்களுக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். நடிப்பு உள்ளிட்ட கலைத் துறைப் பணிகளும் அதில் அடங்கும். வேலை என்ன, காலம் எவ்வளவு, ஊதியம் எவ்வளவு என்பதைச் சொல்லும் ஒப்பந்தம் வேண்டும் என்பதும், தகராறைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் என்பதும் அதன் உயிர்நாடி. உங்கள் பழைய வேலைக்கு அது பொருந்துமா என்பதைத் தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள். இனி வரும் வேலைகளுக்கு, "சட்டமே எழுதச் சொல்கிறது அண்ணன்" என்று நீங்கள் கூசாமல் சொல்லலாம்.

பெயர் கெட்டுவிடுமே என்ற பயம் உங்கள் கடிதத்தின் வரிக்கு வரி தெரிகிறது. நம் தமிழ் நாடக வட்டம் சிறியது. ஒருவர் தேநீர்க் கடையில் சொன்னது மறுநாள் எல்லாருக்கும் தெரியும். சில அழைப்புகள் நிற்கலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் யாருடைய அழைப்புகள் நிற்கும் என்று யோசியுங்கள். பணம் ஒழுங்காகத் தருகிற தயாரிப்பாளர், "எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டால் முகம் சுளிப்பதில்லை. எழுதிக்கொடுப்பது அவருக்கும் பாதுகாப்பு. நான் அந்த நாற்காலியில் இருந்தபோது, தேதியும் தொகையும் எழுதிக் கேட்ட நடிகர்கள்தாம் நேரத்துக்கு வந்தார்கள், வசனத்தோடு வந்தார்கள். முகநூலில் மட்டும் எழுதாதீர்கள். ஆத்திரத்தில் எழுதும் ஒரு சொல்லுக்கு அவர் அவதூறு வழக்குப் போடலாம். அப்புறம் கடன்காரர் அவர் என்பது போய், குற்றவாளி நீங்கள் என்றாகிவிடும்.

அந்த டெலிமூவியில் நடித்த மற்றவர்களுக்கும் பணம் வந்திருக்காது. அவர்களை அழைத்துப் பேசுங்கள். ஆளுக்கு ஒரு கடிதம், எல்லாம் ஒரே நாளில் போகட்டும். கலைஞர்கள் கூலி கேட்டு ஒன்றாக நிற்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1957-இல் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்துக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய பெர்சாமா சங்கத்துக்கு அப்போது தலைவர் பி. ரம்லி. மலாய் உலகமே கொண்டாடிய நட்சத்திரம், சக நடிகர்களின் பக்கம் நின்றார். அதே ரம்லி 1973-இல் 44 வயதில் இறந்தபோது கையில் பணமில்லாமல் இறந்தார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. நம் பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும், பி. பி. நாராயணன் போன்றவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசியதும், கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்த மக்களிடையேதான். உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், சந்தாச் சீட்டு இன்னும் பெட்டியில் இருக்கக்கூடும்.

100 வெள்ளிக்கு வரும் புதுமுகங்கள் மீது கோபப்படாதீர்கள். அவர்களுக்கு யாரும் விலை சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் நாட்காட்டித் தாள் கணக்கை அவர்களுக்குக் காட்டுங்கள். போக்குவரத்து கழித்து என்ன மிஞ்சும் என்று தெரிந்தால் பாதிப் பேர் 100-க்கு வரமாட்டார்கள். சம்பளத்தை ரகசியமாக வைத்திருப்பதால் லாபம் அடைவது நடிகர்கள் அல்லர்.

பாக்கி வந்துவிட்டது, தொடரும் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 180-க்கும் 200-க்கும் இடையே இழுபறி செய்வதில் உங்கள் சக்தியை வீணாக்காதீர்கள். நாள் சம்பளத்தைவிட அதைச் சுற்றியுள்ள நிபந்தனைகளில்தான் உங்கள் பணம் கரைகிறது. பயணச் செலவும் தங்குமிடமும் தனி என்று கேளுங்கள். 20 நாளுக்கு ஏழு பயணம் என்றாலே 910 வெள்ளி. 3,600-இல் கால் பங்கு நெடுஞ்சாலையிலேயே போய்விடும். உடை அவர்கள் பொறுப்பு, அல்லது உடைக்கு ஒரு தொகை. டப்பிங் நாளும் வேலை நாளே. 12 மணி நேரம் தாண்டினால் மணிக்கு இவ்வளவு. படப்பிடிப்பை முந்தைய இரவு ரத்து செய்தால் பாதிச் சம்பளம்.

பலரும் கேட்க மறப்பது தோற்றத் தொடர்ச்சி. காட்சிகள் மாறி மாறி எடுக்கப்படுவதால் தாடியை எடுக்காதே, முடியை வெட்டாதே என்பார்கள். 20 நாள் வேலை மூன்று மாதம் பரவிக் கிடந்தால், அந்த மூன்று மாதமும் உங்கள் முகம் அவர்களுக்குக் குத்தகை. மழித்த முகம் கேட்கும் விளம்பரப் படம் ஒன்று வந்தால் போக முடியாது. திருமண மேடையில் அறிவிப்பாளராக நிற்கப் போனால் "என்ன இந்தக் கோலம்" என்பார்கள். ஆகவே, எந்தத் தேதிக்குள் உங்கள் பகுதி முடியும் என்பதை எழுதி வாங்குங்கள். அதைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு தொகை. இதை முதன்முதலில் கேட்கும்போது அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கொடுக்காவிட்டாலும், உங்கள் தேதிகளை இழுத்தடிக்காமல் ஒன்றாகச் சேர்த்து முடித்துத் தருவார்கள். அதுவே பணம்தான்.

தவணை பற்றி ஒரே விஷயத்தில் உறுதியாக இருங்கள். "ஒளிபரப்புக்குப் பின்" என்ற வார்த்தை எங்கே இருந்தாலும் அடித்துவிடுங்கள். கையொப்பமிடும்போது மூன்றில் ஒரு பங்கு, படப்பிடிப்பின் பாதியில் ஒரு பங்கு, மீதி டப்பிங்குக்கு முன். ஏன் டப்பிங்குக்கு முன் என்றால், முகம் பதிவான பிறகும் உங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பிடி உங்கள் குரல். ஆனால் நடுவில் திடீரென்று "பணம் தந்தால்தான் பேசுவேன்" என்று நிற்பது முறையல்ல, அதனால் தொழில்நுட்பக் கலைஞர்களின் பிழைப்பும் கெடும். தொடக்கத்திலேயே எழுத்தில் இருந்தால் யாரும் யாரையும் மிரட்டியதாக ஆகாது. மறு ஒளிபரப்புக்கும் இணையத்தில் போடுவதற்கும் தனித் தொகை கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் நடிகருக்கு அதில் எதுவும் வராது.

ஆலை வேலை பற்றி. ஓர் ஆண்டுக்காவது போங்கள் என்றே சொல்வேன், ஷிப்ட் மாற்றிக்கொள்ள இடம் தரும் வேலையாகப் பார்த்து. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடிய நாடகம் போட்டவர்கள் எல்லாரும் விடிந்ததும் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டத்துக்கு) எழுந்து போனவர்கள்தாம். அவர்களை யாரும் நடிகர் இல்லை என்று சொல்லவில்லை. வீட்டில் அரிசி இருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தான் 180 வெள்ளி அழைப்புக்கு "வேண்டாம்" என்று சொல்லும் குரல் வரும். உங்கள் மனைவியின் தையல் இயந்திரம் இத்தனை நாள் அந்தத் தயாரிப்பாளருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துவந்திருக்கிறது. அதை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

கோலாலம்பூருக்கு இப்போது போகாதீர்கள். வாடகை ஒன்றே உங்கள் நாள் சம்பளங்களை விழுங்கிவிடும். குரல் பதிவு போல மாதாமாதம் நிச்சயமாக வரும் வேலை ஒன்று அங்கே கிடைத்தால் அப்போது யோசிக்கலாம். அதுவரை ஈப்போ உங்களுக்கு அரை மணி நேரத் தூரம்தான். திருமண மேடை, நிறுவன விழா, தமிழ்ப்பள்ளிகளில் நாடகப் பயிற்சி என்று உங்கள் குரலுக்கும் உடம்புக்கும் அங்கே வேலை இருக்கிறது. இவற்றுக்கும் முன்பணம் வாங்குங்கள்.

இன்னும் சில சிறு காரியங்கள். சொக்சோவை நடத்தும் பெர்கேசோவில் சுயதொழில் செய்பவர்களுக்கான பாதுகாப்புத் திட்டத்தில் கலைத் துறையும் உண்டு. சண்டைக் காட்சியில் கால் முறிந்தால் கைகொடுக்கும், சந்தாவும் பெரிய தொகை அல்ல. ஊழியர் சேமநிதியில் ஐ-சாரான் திட்டத்தில் முடிந்ததைப் போட்டால், ஆண்டுக்கு 500 வெள்ளி வரம்புக்குள் அரசு தன் பங்காக ஒரு தொகையைச் சேர்க்கிறது. வருமான வரிக்குப் படிவம் பி. பெட்ரோல், டோல், வேடத்துக்கென்றே வாங்கிய உடை ஆகியவற்றின் ரசீதுகளை எறியாதீர்கள், ஏழு ஆண்டு வைத்திருங்கள். நாட்காட்டித் தாளுக்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், தபால் ரசீதைக் கோப்பில் ஒட்டுங்கள். பதினைந்தாம் நாள் காலையிலும் பணம் வரவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள். படிவம் 198-ஐ நாம் சேர்ந்து நிரப்புவோம்.